கும்பகோணத்துக் கடையில் வாங்கிய காந்தாரப் புத்தர்: ஓர் ஓவிய ஆசிரியரின் மதிப்பீடு

கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரக் கடைகளும் குத்துவிளக்குக் கடைகளும் நெருங்கி நிற்கும் ஒரு தெருவில், கைவினைப் பொருள்கள் விற்கும் மாடிக் கடை ஒன்று இருக்கிறது. சுவாமிமலை நடராசர், தஞ்சாவூர்த் தட்டு, தலையாட்டி பொம்மை ஆகியவற்றுக்கு நடுவே, பண்டைய வடமேற்கு இந்தியாவில் கிரேக்கச் சாயலோடு வளர்ந்த காந்தாரக் கலையைச் சேர்ந்த பௌத்தக் கற்சிற்பங்களின் நகல்களையும் அங்கே விற்கிறார்கள். அவற்றில் இரண்டை வாங்கினேன். ஒன்று, இரண்டடி உயரமுள்ள நின்ற கோலப் புத்தர். விலை 14,500 ரூபாய். மற்றொன்று, பாரம் தாங்கி அமர்ந்திருக்கும், கிரேக்கப் புராணத்து அட்லஸ் உருவம் புடைப்பாக அமைந்த ஓரடிப் பலகை. விலை 2,800 ரூபாய். புத்தர் வரவேற்பறைக்கு அழகான பொருள்தான். ஆனால் காந்தாரச் சிற்பத்தின் நகல் என்று பார்த்தால் பாதிதான் தேறும். கடையின் மூலையில் தூசி படிந்து கிடந்த அட்லஸ் பலகையோ கொடுத்த விலைக்கு மேலாகவே தகுதி உடையது. கடையின் பெயரை நான் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பல, சந்தையில் கிடைக்கும் இவ்வகை நகல்கள் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும் என்பதால் அது தேவையும் இல்லை.

மயிலாடுதுறைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். சோழர் சிற்பத்தைப் பற்றிப் பேசும் நாள்களில் எனக்குக் கவலையே கிடையாது. புள்ளமங்கையும் தாராசுரமும் பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கின்றன, மாணவர்களைக் கல்லின் முன்னாலேயே நிறுத்திவிடலாம். காந்தாரம் அப்படியன்று. அக்கலை பிறந்த பெஷாவர்ச் சமவெளி, சுவாத் பள்ளத்தாக்கு, தட்சசீலம் ஆகியவை இன்று பாகிஸ்தானில் உள்ளன. ஹட்டா போன்ற இடங்கள் ஆப்கானிஸ்தானில் உள்ளன. இந்தியாவுக்குள் மூலச் சிற்பங்களைப் பார்க்க வேண்டுமானால் கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்துக்கோ, டெல்லியின் தேசிய அருங்காட்சியகத்துக்கோ, நாட்டுப் பிரிவினையின்போது லாகூர் அருங்காட்சியகத்திலிருந்து பங்காகப் பெற்ற சிற்பங்களை வைத்திருக்கும் சண்டிகர் அருங்காட்சியகத்துக்கோ போக வேண்டும். புகைப்படத்தில் முகம் தெரியும், உயரம் தெரியும்; ஆடை மடிப்பின் ஆழம் மட்டும் தெரியாது. பக்கவாட்டில் விளக்கை வைத்து மடிப்புகளின் நிழலைக் காட்டக்கூடிய ஒரு நகல் வேண்டும் என்பதற்காகவே இதை வாங்கினேன். எனவே இந்த மதிப்பீட்டில் மடிப்புகளைப் பற்றிய பேச்சு சற்று அதிகமாகவே இருக்கும்.

சிலையின் முன் ஒரு சிறிய அட்டை வைத்திருக்கிறார்கள். கிரேக்கர் வடித்த புத்தர், அலெக்சாண்டர் காலம், கருங்கல் என்று மூன்று செய்திகள் அதில் உள்ளன. மூன்றும் பிழை. அலெக்சாண்டர் சிந்து நதியைக் கடந்தது கி.மு. 326இல், அவர் வந்துபோன காலத்தில் புத்தரை மனித உருவில் செதுக்கும் வழக்கமே தோன்றியிருக்கவில்லை. அதற்குப் பிறகும் நெடுங்காலம் பார்குத், சாஞ்சி போன்ற இடங்களில் புத்தரைக் காட்ட வேண்டிய இடத்தில் வெற்று அரியணையையோ, போதி மரத்தையோ, பாதச் சுவடுகளையோதான் செதுக்கினார்கள். அலெக்சாண்டருக்குப் பின் பாக்திரியாவில் நிலைத்த கிரேக்கர்கள் நகரங்களை அமைத்தார்கள். வட ஆப்கானிஸ்தானில் உள்ள ஆய் கானூமில் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் 1964 முதல் தோண்டியபோது நாடக அரங்கும், உடற்பயிற்சிக் கூடமும், கொரிந்தியப் போதிகை (இலை வேலைப்பாடுள்ள கிரேக்கத் தூண் தலை) கொண்ட தூண்களும் வெளிப்பட்டன. அவ்வழி வந்த இந்தோ-கிரேக்க மன்னர் மினாந்தர், மிலிந்தர் என்ற பெயரில் பௌத்த இலக்கியத்தில் நாகசேனர் என்னும் துறவியுடன் வாதம் புரிகிறார். இவ்வளவும் நடந்து, கிரேக்க அரசுகள் மறைந்து, சகரும் பார்த்தியரும் வந்துபோன பிறகு, குஷாணர் ஆட்சியில், ஏறக்குறைய கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில்தான் நாம் காந்தாரக் கலை என்று அழைப்பது செழித்தது. வடித்தவர்கள் அந்த மண்ணின் சிற்பிகள். வடிக்கச் சொன்னவர்கள் பௌத்தத் துறவிகளும் வணிகர்களும். அலெக்சாண்டரின் பெயரைப் போட்டால் விலை ஏறும் என்று கடைக்காரர் நினைத்திருக்கலாம். நான் எடுத்துச் சொன்னபோது, "சார், நீங்களே எழுதிக் கொடுங்க, மாத்தி வச்சிடுறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அட்டை மாறியிருந்தது. இதை அவருக்கு ஒரு பெருமையாகவே சொல்ல வேண்டும்.

கருங்கல் என்பதும் தவறு. காந்தாரச் சிற்பிகள் பெரிதும் பயன்படுத்தியது ஷிஸ்ட் என்னும் அடுக்குப் பாறை. சாம்பல் நிறத்திலும், நீலமும் பச்சையும் கலந்த சாம்பல் நிறத்திலும் கிடைப்பது. நம் பக்கத்துக் கருங்கல்லோடு ஒப்பிட்டால் மென்மையானது, உளிக்கு எளிதில் இடம் கொடுப்பது. அதனால்தான் முடியின் ஒவ்வோர் அலையையும், மடிப்பின் கூர்மையான விளிம்பையும் அதில் கொண்டுவர முடிந்தது. ஆனால் அடுக்கு அடுக்காகப் பிளக்கும் குணம் அதற்கு உண்டு. உடலை விட்டு வெளியே நீளும் உறுப்புகள் எளிதில் உடைந்துவிடும். பிற்காலத்தில், குறிப்பாக ஹட்டா பகுதியில், சுதையில் உருவம் செய்வது பெருகியது. இதற்கு நேர்மாறாக, ஆற்று வண்டல் மட்டுமே உள்ள நம் டெல்டாவுக்குக் கல்லே வெளியிலிருந்துதான் வர வேண்டும். வந்த கல்லோ உளியை எதிர்த்து நிற்கும் கருங்கல். ஒரு நாட்டின் சிற்பம் எவ்வளவு நுணுக்கமாக இருக்கும் என்பதைச் சிற்பியின் கைக்கு முன்பே கல் ஓரளவு தீர்மானித்துவிடுகிறது.

நான் வாங்கிய நகல், கல்லில் செதுக்கியது அன்று. கல்தூளை ரெசினில் கலந்து சிலிக்கான் அச்சில் வார்த்து, மேலே கரும்சாம்பல் நிறம் பூசியிருக்கிறார்கள். இது குறையாகாது, கடைக்காரரும் கேட்டவுடன் ஒளிக்காமல் சொன்னார். எடை குறைவு என்பதால் வகுப்பறைக்குத் தூக்கிச் செல்ல வசதியாக இருக்கிறது. வார்ப்பும் சுத்தம், அச்சின் இரு பாதிகள் சேரும் வரி, இடது காதுக்குப் பின்னால் மட்டும் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

முகத்துக்கு வருவோம். காந்தாரப் புத்தரின் தலைமுடி, வட இந்தியாவின் மதுராவிலும் பிற்கால இந்தியாவிலும் காண்பது போன்ற சிறு சுருள்களின் வரிசையாக இருப்பதில்லை. அலை அலையாகப் பின்னோக்கி வாரி, உச்சியில் கொண்டையாகக் கட்டப்பட்டிருக்கும். கிரேக்க அப்பல்லோவின் தலையை நினைவூட்டும் இந்த அமைப்பை நகல் நன்றாகவே பிடித்திருக்கிறது. நேரான மூக்கு, கூர்மையான புருவ விளிம்பு, புருவங்களுக்கிடையே சிறு புள்ளியாகத் துருத்தும் ஊர்ணை, நீண்ட காது மடல் ஆகிய அனைத்தும் இருக்கின்றன. ஆனால் மேலுதட்டின் மேல் மெல்லிய கோடாக மீசை காணப்படும் புத்தர் உருவங்கள் காந்தாரத்தில் பல உண்டு. கடை எந்த மூலத்தின் நகல் என்று சொல்லிப் புகைப்படம் காட்டியதோ, அந்தப் படத்திலும் மீசை தெளிவாக இருக்கிறது. நகலில் அதை மழித்துவிட்டார்கள். கூடவே, மூலத்தில் இறுக்கமாக மூடிய உதடுகளை, தியான வகுப்பு விளம்பரங்களில் பார்க்கும் புன்னகையாக மாற்றியிருக்கிறார்கள். மீசை வைத்த புத்தரை யாரும் வாங்க மாட்டார்கள் என்பது கடைக்காரரின் பதில். வணிகக் கணக்கில் அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் லாகூர் அருங்காட்சியகத்தில் உள்ள, எலும்பும் நரம்பும் தெரிய அமர்ந்திருக்கும் நோன்புப் புத்தரைச் செதுக்கிய அதே கலையைத்தான் இப்படி இனிப்பாக்கி விற்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

உடலின் அளவிலும் இதே திருத்தம் நடந்திருக்கிறது. காந்தாரப் புத்தர்களில் பல, உடலுக்குத் தலை சற்றுப் பெரியதாக, தோள் அகன்று, கட்டையான உருவமாக நிற்பவை. நகலில் கால்களை நீட்டி ஒல்லியாக்கியிருக்கிறார்கள். நம் ஊர்க் கண்ணுக்கு, சிற்ப நூல் சொல்லும் 124 அங்குலக் (இன்ச் அன்று, உருவத்தின் உயரத்தைப் பகுக்கும் விகித அலகு) கணக்கில் அமையும் உத்தம தசதால விக்கிரகங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இது பொருத்தமாகத் தோன்றும் என்பது உண்மையே. ஆனால் பொருத்தமாகத் தோன்றச் செய்வது நகலின் வேலை அன்று.

இனி ஆடை. காந்தாரத்தில் கிரேக்க, உரோமானியக் கைவண்ணம் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், முகத்தைக் காட்டுவதை விட ஆடையைக் காட்டுவதே சரியான விடை. நின்ற கோலப் புத்தரின் துவராடை, அதாவது துறவியின் காவி ஆடை, இரு தோள்களையும் மூடியிருக்கும்; கழுத்தைச் சுற்றி மடிப்புகள் தடித்துத் திரளும்; இடது தோளில் அள்ளிப் போட்ட துணியிலிருந்து மடிப்புகள் விசிறிபோல் பிரிந்து மார்பின் குறுக்கே சாய்வாக ஓடும். உயர்த்திய வலது கை துணியைத் தூக்குவதால் அந்தப் பக்கம் ஒரு இழுவிசை தெரியும். தாழ்ந்த இடது கை ஆடையின் ஓரத்தைப் பிடித்திருப்பதால் மறுபக்கம் துணி செங்குத்தாக விழும். ஒரு முழங்கால் இலேசாக மடங்கி, அந்த இடத்தில் மட்டும் துணி உடலோடு ஒட்டி வழவழப்பாக நிற்கும். பாரம் தாங்கும் மற்றக் காலின் மேல் மடிப்புகள் ஆழமாக விழும். இவையெல்லாம் சேர்ந்துதான், துணிக்குள் ஓர் உடல் இருக்கிறது, அந்த உடல் எடையை ஒரு காலில் வைத்து நிற்கிறது என்ற உணர்வை உண்டாக்குகின்றன. கிரேக்கரின் ஹிமேஷன், உரோமரின் டோகா ஆகிய ஆடைகளைக் கல்லில் காட்டிய சிற்பிகளின் வழிமுறை இது. பௌத்தத் துறவியின் ஆடைக்கு அதைக் கொண்டுவந்தது காந்தாரச் சிற்பிகளின் சாதனை.

நகலில் இந்த இடம்தான் சறுக்குகிறது. மடிப்புகள் கழுத்திலிருந்து கீழே, நடுக்கோட்டின் இருபுறமும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் தொங்கும் வளைவுகளாக, ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டின் அலைகளைப் போல வரிசையாக இறங்குகின்றன. சமச்சீரான வளைவுகள் புத்தர் சிலைகளுக்குப் புதியவை அல்ல; குப்தர் கால மதுராவில் அவை மிக அழகாக அமைந்திருக்கின்றன. ஆனால் கடை விற்பது குப்தர் காலச் சிலையை அன்று. பக்கவாட்டில் விளக்கை வைத்துப் பார்த்தபோது எல்லா மடிப்புகளும் ஒரே அகலத்தில் நிழல் தந்தன. மூலத்தில் ஆழமான மடிப்பும் ஆழமற்ற மடிப்பும் மாறிமாறி வரும். விளிம்புகள் கத்திபோல் கூர்ந்திருக்கும். அந்த ஏற்றத்தாழ்வு இல்லாவிட்டால் துணி துணியாகத் தெரியாது. இரண்டு கால்களிலும் எடை சமமாக இருப்பதால் மடங்கிய முழங்காலும் காணாமற்போய்விட்டது.

சுவாமிமலையில் எனக்குப் பழக்கமான ஸ்தபதி ஒருவரிடம் நகலையும் மூலத்தின் படத்தையும் சேர்த்துக் காட்டினேன். மெழுகில் விக்கிரகம் பிடிப்பதில் முதிர்ந்த கை அவருடையது. சிலையை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், நம்ம விக்கிரகத்துல துணிய உடம்பு மேல கோடாத்தான் காட்டுவோம், உடம்புதான் பேசணும். இந்தப் படத்துல இருக்கிற துணிக்குத் தனியா கனம் இருக்கு, அதுவும் ஒரு முறை. நீங்க வாங்கினதுல ரெண்டும் இல்லையே" என்றார். நான் பல பத்திகளில் சொல்ல முயன்றதை அவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

கைகளைப் பற்றியும் ஒரு சொல். அருங்காட்சியகங்களில் உள்ள காந்தாரப் புத்தர் பலருக்கு வலது முன்கை இருக்காது. அபய முத்திரையில் முன்னே நீளும் கையைத் தனியாகச் செதுக்கிப் பொருத்துவது அங்கே வழக்கம். காலப்போக்கில் அது கழன்றோ உடைந்தோ போயிருக்கும். நகல் செய்தவர்கள் இல்லாத கையைத் தாங்களாகவே சேர்த்திருக்கிறார்கள். அதைச் சேர்த்ததில் எனக்கு வருத்தம் இல்லை, ஆனால் சேர்த்த கை உள்ளங்கை பெருத்து, விரல்கள் தடித்து, வேறொரு சிலையிலிருந்து கொண்டுவந்து வைத்ததுபோல் நிற்கிறது. தலைக்குப் பின்னுள்ள ஒளிவட்டமும் அப்படியே. காந்தாரத்தில் அது பெரும்பாலும் வேலைப்பாடற்ற வெறும் வட்டத் தகடு. நகலில் தாமரை இதழும் கொடியும் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். பீடத்திலோ இதற்கு நேர்மாறான சிக்கனம். மூலத்தில் பீடத்தின் முகப்பில் இருபுறமும் குட்டைத் தூண்கள் அமைத்து, நடுவே ஒரு போதிசத்துவரையும் கைகூப்பி நிற்கும் அடியார்களையும் சிறு புடைப்பாகக் காட்டுவார்கள். இங்கே அது வெறும் கட்டை. கடையில் வாங்குவோர் பலர் குறையென்று சொல்லும் தட்டையான முதுகுப்பக்கம் மட்டும், உண்மையில், சரியாக அமைந்த ஒன்று. இவை தூபிகளிலும் விகாரங்களிலும் சுவரை ஒட்டி நின்றவை. முதுகைச் செதுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

நிறத்தைப் பொறுத்தவரை கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. இன்று நாம் காணும் சாம்பல் நிறத்தையே மூல நிறம் என்று எல்லோரும் கருதுகிறோம். ஆனால் காந்தாரச் சிற்பங்கள் பலவற்றில் வண்ணத்தின் தடயமும் பொன் பூச்சின் தடயமும் காணக் கிடைக்கின்றன. தங்கம் பூசிய நகல் ஒன்றும் கடையில் இருந்தது. அதை யாரோ மலிவான ஆடம்பரம் என்று சொல்லிக் கேட்டேன். வரலாற்றுக்கு அது என் சாம்பல் சிலையைவிட ஓரடி நெருக்கமாக நிற்கிறது என்பதே வேடிக்கை.

இப்போது அட்லஸ் பலகை. கிரேக்கப் புராணத்தில் வானத்தைத் தோளில் தாங்கும் அட்லஸ், காந்தாரத்தில் பௌத்தத் தூபியின் அடியில் வந்து அமர்ந்துகொண்டான். ஜமால்கடி போன்ற இடங்களிலிருந்து இத்தகைய உருவங்கள் வரிசையாகவே கிடைத்துள்ளன: தாடி, திரண்ட மார்பு, சில உருவங்களில் முதுகில் இறக்கை, ஒரு காலை மடக்கி ஒரு காலைக் குத்திட்டு அமர்ந்த நிலை. என்னிடம் உள்ள பலகையில் இவை எல்லாம் மாறாமல் இருக்கின்றன. வயிற்றுத் தசையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் விளக்கொளியில் தனித்தனியாகத் தெரிகிறது. இடது தோள் சற்று இறங்கியிருக்கிறது; முகத்தில் சலிப்பு இருக்கிறது. அச்சு எடுத்தவர் மூலத்திலிருந்தோ மிக நல்ல முதல் நகலிலிருந்தோ எடுத்திருக்க வேண்டும். வீட்டில் வைக்க இதை எவரும் கேட்காததால் இதை அழகுபடுத்தும் எண்ணம் யாருக்கும் வரவில்லை என்றே நினைக்கிறேன். புத்தருக்குக் கிடைத்த கவனம் இதற்குக் கிடைக்காமற்போனது இதற்கு நன்மையாக முடிந்திருக்கிறது.

வகுப்பில் இந்தப் பலகைதான் பேச்சைத் தொடங்கி வைத்தது. இது யார் என்று கேட்டபோது, கிரேக்கப் புராணம் எதையும் அறியாத ஒரு மாணவி, "புள்ளமங்கையில கூரைக்குக் கீழ வரிசையா இருக்குமே, பூதகணம், அதுங்க மாதிரிதான் சார்" என்றாள். அவள் சொன்னது விமானத்தின் கபோதத்துக்குக் (வளைந்த கூரை விளிம்புக்கு) கீழ் ஓடும் பூதவரியை. குட்டையான, பானை வயிற்றுப் பூதகணங்களும் இந்தத் தசைநிறைந்த கிரேக்கனும் உருவத்தில் ஒன்றல்ல. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் கட்டடத்தின் பாரத்தை ஓர் உயிருள்ள உருவம் தாங்குவதாகக் காட்டும் எண்ணம் இரண்டிலும் இருக்கிறது. அதிலிருந்து தொடங்கியபோது, கிரேக்கப் புராண வீரன் எராக்ளிஸின் உடலோடு, கையில் வச்சிராயுதம் ஏந்தி, புத்தருக்குக் காவலாக நிற்கும் வச்சிரபாணியைப் பற்றியும், டிராய் நகரத்து மரக்குதிரைக் கதையைக் காட்டும் காந்தாரப் பலகை ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருப்பதைப் பற்றியும் சொல்வது எளிதாயிற்று.

நாகப்பட்டினத்தை அறிந்த மாணவர்களுக்கு மற்றொரு ஒப்பீடும் கிடைத்தது. நாகப்பட்டினத்தில் 1856 முதல் அகப்பட்ட, பெரும்பகுதி சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள பௌத்தச் செப்புத்திருமேனிகளில் புத்தரின் உச்சியில் தீச்சுடர் எழும். சுமத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிசய நாட்டின் அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் ஊரைக் கொடையாக அளித்த நாள்களிலிருந்து, கடல் கடந்து வந்தவர்களும் நம் கம்மியர்களும் சேர்ந்து வளர்த்த மரபு அது. அதற்கும் முன்னே, பூம்புகாரின் பல்லவனீச்சுரத்தில் நடந்த அகழாய்வில் பௌத்த விகாரமும், ஆந்திரப் பகுதிச் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய புத்த பாதமும் வெளிப்பட்டன. அதே பூம்புகாரில் மகத வினைஞரும், மராட்டக் கம்மரும், அவந்திக் கொல்லரும், யவனத் தச்சரும் தமிழ் வினைஞரோடு கூடி வேலை செய்ததாக மணிமேகலை சொல்கிறது. கிரேக்கக் கைவண்ணம் இந்தியக் கருத்துக்கு உருவம் கொடுத்தது என்ற செய்தியை ஏதோ வடமேற்கு எல்லையில் மட்டும் நடந்த அதிசயமாக டெல்டாக்காரர்கள் வியக்க வேண்டியதில்லை; யவனத் தச்சரும் தமிழ் வினைஞரும் ஒரே பணியில் கைவைத்ததை நம் காப்பியம் வெகு இயல்பாகச் சொல்லிவிட்டுப் போகிறது.

புத்தர் உருவத்தையே கிரேக்கர்தான் தந்தார்கள் என்று பிரெஞ்சு அறிஞர் ஃபூஷே வாதிட்டார். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி 1927இல் அதை மறுத்து, யட்சர் என்னும் இயற்கைத் தெய்வங்களின் உருவங்களிலிருந்து மதுராவில் வளர்ந்த இந்திய மரபை எடுத்துக்காட்டினார். குஷாணர் காலத்தில் உரோமானியப் பேரரசோடு நடந்த வணிகமே பெரும் காரணம் என்போரும் உண்டு. குஷாண மன்னர் கனிஷ்கரின் பொற்காசில் புத்தர் நிற்கிறார், அருகே அவர் பெயர் கிரேக்க எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சிறு காசுக்குள்ளேயே இத்தனை வாதங்களுக்கும் இடம் இருக்கிறது. கடையின் புதிய அட்டையில் நான் இதையெல்லாம் எழுதவில்லை. குஷாணர் காலம், ஷிஸ்ட் கல் மூலத்தின் வார்ப்பு நகல் என்று எழுதியதோடு நிறுத்திக்கொண்டேன்.

சேவையைப் பற்றி. கட்டிக் கொடுத்தது நன்றாக இருந்தது. வைக்கோலும் தெர்மாகோலும் வைத்து மரச் சட்டத்துக்குள் இறுக்கியிருந்தார்கள், பார்சல் லாரியில் வந்தும் கீறல் இல்லை. ஆனால் ஐப்பசி மழையின் ஈரப்பதத்தில் புத்தரின் பீடத்தில் பூச்சு வெளுத்துப் பூத்தது. ஈரத் துணியால் துடைத்தபோது சாம்பல் நிறம் துணியில் ஒட்டி, அடியில் வெள்ளை தெரிந்தது. தொலைபேசியில் சொன்னபோது திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். வற்புறுத்திய பிறகு ஒரு புட்டி நிறமும் தூரிகையும் அனுப்பினார்கள். ஓவிய ஆசிரியரான எனக்கு அது போதும்; மற்றவர்களுக்குப் போதாது. அட்லஸ் பலகையில் பூச்சு இல்லை, கலவையிலேயே நிறம் சேர்த்து வார்த்திருப்பதால் அதற்கு எந்தப் பாதிப்பும் நேரவில்லை.

இரசீது விஷயத்தில் கடை ஒழுங்காக நடந்துகொண்டது. புதிய வார்ப்பு, நகல், தொல்பொருள் அன்று என்று இரசீதிலேயே எழுதித் தந்தார்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பங்களின் விற்பனையையும் ஏற்றுமதியையும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சிலைத் திருட்டுச் செய்திகளுக்குப் பழகிப்போன நம் பகுதியில், இரண்டடிச் சிலையை வண்டியில் ஏற்றிச் செல்பவர் கையில் இப்படி ஒரு தாள் இருப்பது அவசியம். கேட்காமலே தந்தார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

விலையைப் பார்த்தால், 14,500 ரூபாய் என்பது வார்ப்பு நகலுக்கு அதிகம். அச்சு ஒருமுறை செய்துவிட்டால் அடுத்தடுத்த பிரதிகளுக்கு ஆகும் செலவு பெரிதன்று. ஒவ்வொரு விக்கிரகத்துக்கும் புதிதாக மெழுகு பிடித்து, மண் பூசி, வார்த்தபின் அச்சை உடைக்கும் சுவாமிமலை முறையோடு இதை ஒரே தட்டில் வைக்க இயலாது. 8,000 ரூபாய் என்றால் நான் முணுமுணுக்காமல் கொடுத்திருப்பேன். வீட்டில் அமைதியான முகமுடைய ஒரு புத்தர் இருந்தால் போதும் என்பவர்கள் பேரம் பேசி வாங்கலாம். கற்பிப்பதற்கோ வரைந்து பழகுவதற்கோ வேண்டுமென்றால் அட்லஸ் பலகையை வாங்குங்கள். கேட்டால் மாலை தாங்கும் சிறுவர்களின் பலகை ஒன்றையும் உள்ளே இருந்து எடுத்துக் காட்டுவார்கள், அதுவும் திருத்தப்படாதது, 2,200 ரூபாய். பெரிய புத்தரைத்தான் வாங்குவேன் என்போர் பூச்சு இல்லாமல், கலவையிலேயே நிறம் சேர்த்து வார்த்துத் தரும்படி முன்கூட்டியே சொல்ல வேண்டும். நான்கில் ஒரு பங்கு முன்பணம் கேட்கிறார்கள். மீசையோடு வார்த்துத் தர முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். என்னிடம், பத்துப் பேர் கேட்டால் புதிய அச்சு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதைக்கு அந்தப் பட்டியலில் என் பெயர் மட்டும் இருக்கிறது.